ஸ்ட்ராபெரி போட்ட துண்டு

ஏப்ரல் 24, 2001. செவ்வாய்

ஏரியில் பனி இன்று விட்டுக்கொடுத்தது. தூண்டில் கடை ட்வேன் குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரி நடுவில் நிறுத்தி வைத்திருந்த ஓட்டைக் கார், மூக்கை முதலில் நுழைத்து, மரியாதையாக மூழ்கியது. கார் என்றைக்கு மூழ்கும் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது. வழக்கம்போலப் பாஸ்டர் நோர்டீன் ஜெயித்தார். "மேலிடத்துச் சிபாரிசு" என்று என் தோழி லவோன் முணுமுணுத்தாள்.

பனி போனால் லூன் வரும். காலையில் காப்பியோடு ஜன்னலைத் திறந்தேன். கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் அழுகையா சிரிப்பா என்று இத்தனை வருடம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மினசோட்டாவின் மாநிலப் பறவை. அதைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை இங்கே யாரும் பேசிவிட முடியாது.

'இணையத்தில் வருவதையெல்லாம் நம்பலாமா?' என்று நூலகத்தில் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நானே இப்போதுதான் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்பது மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியாது.

ஏப்ரல் 28. சனி

எய்னோ வீட்டுக்குப் போனேன்.

எனக்கு நானே எழுதுகிற இடத்தில்கூட இதை ஏன் ஒரு வரியில் முடிக்கிறேன்? யார் படிக்கப் போகிறார்கள்? மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் என் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. மீன் வாங்கப் போன இடத்தில் புலம்பினேன். எய்னோ லாஹ்டி, புகைபோட்ட மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "சவுனா சூடா இருக்கு. வேணும்னா குளிச்சிட்டுப் போங்க" என்றார். ஃபின்லாந்திலிருந்து வந்த வம்சம். சனிக்கிழமை கல்லைச் சூடாக்கித் தண்ணீர் தெளித்து ஆவியில் வேர்க்காவிட்டால் அவர்களுக்கு ஞாயிறு விடியாது. என் குழாயை அந்த வாரமே சரிசெய்துவிட்டார்கள். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவர் முடித்து வெளியே வந்த பிறகுதான் நான் உள்ளே போவேன். அப்புறம் அவருடைய சமையலறையில் காப்பி. அவர் பத்து வார்த்தை பேசுவார், மீதியை நான் பேசுவேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் காரை ஏன் பைன் மரங்களுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்துகிறேன்? என் கணவர் ஹார்லன் இறந்து ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவரின் மனைவி, ஊர் நூலகர், அறுபத்தோரு வயது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். ஊர் ஒன்றுமே சொல்லாது. நம் ஹெல்மர் ஏரிக்காரர்கள் முகத்துக்கு நேரே எதையும் கேட்க மாட்டார்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு, காப்பி இன்னும் கொஞ்சம் வேணுமா என்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

மே 2. புதன்

மினியாபொலிஸிலிருந்து என் மகள் சிக்ரிட் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். "அம்மா, பயங்கரம்! தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்காங்க, அனுப்பிட்டேன். இது உங்க ஊரா?" ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அப்புறம் என்னைக் கேட்கிறாள்.

திறந்து பார்த்தேன். 'ஹெல்மர் ஏரி, மினசோட்டா. மூன்று தலைமுறைப் பாரம்பரியம். கைப்படப் புகைபோட்ட லூன் இறைச்சி, டப்பாக்களில் கிடைக்கும். இளங்குஞ்சு வேண்டுவோர் முன்கூட்டியே பதிவு செய்யவும்.' அதன் கீழே ஒரு சமையல் குறிப்பு. அதற்கும் கீழே, இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண், நான் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போனது.

விலாசம் இல்லை, ஆள் பெயர் இல்லை, தொலைபேசி இல்லை. எவனோ வேலையில்லாதவன் விட்ட புளுகு என்று மூடப் போனேன். அப்போதுதான் படம் முழுசாக இறங்கி முடித்தது. நூலகத்து இணையத்துக்கு எதற்கும் அவசரம் கிடையாது. சிவப்பு மரக் கட்டடம். சின்ன ஜன்னல். கதவருகே பர்ச் இலைக் கொத்து. கொக்கியில் ஒரு மஞ்சள் துண்டு, அதில் சிவப்புப் புள்ளிகள்.

புள்ளி இல்லை அது. ஸ்ட்ராபெரி.

என் துண்டு!

மே 2, மறுபடியும்

நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். எய்னோவின் அப்பா புகைக் கொட்டகையையும் சவுனாவையும் ஒரே கோடையில், ஒரே மரத்தில், ஒரே சிவப்புச் சாயத்தில் கட்டினார். கொட்டகை சாலையோரம், மீன் கடையை ஒட்டி, எல்லாரும் பார்க்கிற இடத்தில். சவுனா வீட்டுக்குப் பின்னால், நாணல் மண்டிய சின்ன வளைகுடாவைப் பார்த்துக்கொண்டு. அங்கே மோட்டார்ப் படகு நுழையாது, துடுப்புப் படகுதான் நுழையும். நம் ஊரில் யாரும் துடுப்புப் போடுவதில்லை. அது மினியாபொலிஸ்காரர்கள் விடுமுறைக்கு வந்து பட்டுக்கொள்கிற பாடு. போன கோடையில் அப்படி எவனோ வந்து படம் எடுத்திருக்கிறான்.

ஆகவே படத்தில் இருப்பது சவுனா. பார்க்கிறவர்கள் அதைக் கொட்டகையின் பின்பக்கம் என்று நினைப்பார்கள். இந்த ஏரியில் புகைபோடுகிற கொட்டகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இல்லை என்று மறுத்துச் சொல்லக்கூடியவள் ஊரில் ஒருத்திதான் இருக்கிறாள். எப்படித் தெரியும் என்று அவளை யாராவது கேட்டால்?

மே 4. வெள்ளி

இந்த நூலகத்தில் இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. புத்தகம் எடுக்க ஒருவரும் வரவில்லை.

லவோன் எனக்குப் பள்ளிக்கூடத் தோழி, சர்ச் சமையலறையின் தளபதி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வலைப்பக்கத்தை முழுக்க வாசித்தாள். "ஐயோ பாவம்டி, அந்தக் குஞ்சு" என்று மூக்கைச் சிந்தினாள். அப்புறம் சமையல் குறிப்புக்கு வந்தாள்.

"இந்தச் சூட்டுல வெச்சா கறி வேகுமா? செருப்பு மாதிரி இருக்கும். காளான் சூப்பும் ஊத்தல பாரு."

"லவோன், அது லூன்."

"அது பாவம்தான், யார் இல்லைன்னா? ஆனா செய்யறதுன்னு ஆயிட்டா ஒழுங்கா செய்ய வேணாமா?"

தூண்டில் கடை ட்வேன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். "படமே இருக்கே ஆர்டிஸ். படம் எப்படிங்க பொய் சொல்லும்?" இவர் கடையில் வாழ்த்து அட்டை விற்கிறார். மாட்டளவு மீனுக்குச் சேணம் பூட்டி ஒருவன் சவாரி செய்கிற அட்டை. போன வருடம் எனக்கே ஒன்று கொடுத்தார்.

யாரும் எய்னோ பெயரைச் சொல்லவில்லை. "அந்தப் பக்கத்துல ஒரு கொட்டகை இருக்குல்ல... நான் யாரையும் சொல்லல." "ஐயோ, நானும் யாரையும் சொல்லல." ஆளுக்கு ஆள் யாரையும் சொல்லாமல், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

மே 5. சனி

படத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். எய்னோவிடம் கணினி கிடையாது, தொலைக்காட்சியும் கிடையாது. காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உங்க துண்டு" என்றார்.

"அதைவிடுங்க. நீங்க லூனைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கறீங்கன்னு ஊரே பேசுது!"

"யார் பேசறா?"

"யாரும் பேசல. ஆனா எல்லாரும் பேசறாங்க."

"வந்து கேட்டா இல்லைன்னு சொல்றேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"கேக்க மாட்டாங்க எய்னோ! இந்த ஊர்ல பொறந்தவர்தானே நீங்க? யாரு வந்து கேப்பாங்க? நீங்களே போய்ச் சொல்லுங்க, படத்துல இருக்கறது சவுனான்னு."

அவர் காகிதத்தை நான்காக மடித்தார். "சவுனான்னா, துண்டு யாருதுன்னு கேப்பாங்க."

வரும்போது துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கொலை செய்த கத்தியை ஒளிப்பவள்கூட இவ்வளவு பாடுபட மாட்டாள்.

மே 9. புதன்

வகுப்பு. இந்த நாளை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பள்ளியிலிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி வந்திருந்தேன். ஓர் அரசு வலைத்தளம், ஒரு பூச்செடி வலைத்தளம் என்று ஒழுங்காகத் தயாரித்து வைத்திருந்தேன். உட்கார்ந்ததுமே, "அதைப் போடு ஆர்டிஸ்" என்றாள் லவோன். எல்லாரும் தலையாட்டினார்கள். போட்டேன். என் துண்டு சுவரளவுக்கு விரிந்தது.

இது யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு என்ன லாபம் என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் பவ்யமாக எழுதிக்கொண்டார்கள். அப்புறம் லவோன் சுவருக்கு எழுந்து போய், ஜன்னல் திறக்கிற கழியை எடுத்து, என் துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்க, ரத்தம். இதுலதான் கையைத் துடைக்கறான். துவைக்கவும் இல்லை, அழுக்குப் பிடிச்சவன்."

"துவைக்காம இல்லை!" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வந்து... துவைத்திருக்கலாம். நமக்கு எப்படித் தெரியும்? அது பூப்போட்ட துண்டாகவும் இருக்கலாம் இல்லையா? எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது, அதுதான் இன்றைய பாடம்."

"பூ இவ்ளோ கோணலாவா இருக்கும்?" என்றாள் லவோன்.

ட்வேன் கையைத் தூக்கினார். "அந்த இலைக் கொத்து எதுக்கு? நாத்தம் தெரியாம இருக்க மசாலாவா?" அது முதுகில் தட்டிக்கொள்கிற பர்ச் கொத்து. அதால் தட்டினால் தோள் வலி போய்விடும், ட்வேன். எனக்குப் போயிருக்கிறது. "அடுத்த கேள்வி?" என்றேன்.

கடைசியில் பாஸ்டர் நோர்டீன், "வகுப்பு ரொம்ப உபயோகமா இருந்தது. இனிமே எதையும் சும்மா நம்ப மாட்டோம்" என்றார். பிறகு எல்லாரும் வரிசையாக நின்று, தூரத்திலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டுப் போனார்கள்.

மே 12. சனி

போகவில்லை. வீட்டுத் தொட்டியில் குளித்தேன். அது குளியலே இல்லை.

மே 15. செவ்வாய்

இந்த ஊர்ப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு நூலகத்து எண்தான் முதலில் கிடைக்கிறது போலிருக்கிறது. ஃபுளோரிடாவிலிருந்து ஒரு அம்மாள்: "உங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் எப்படி வருது?" வருவதில்லை என்றேன். அப்புறம் அவளுடைய இடுப்பு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நல்ல மாதிரியான பொம்பளை.

டெக்சாஸிலிருந்து ஒருவர் கோபப்படவே இல்லை. மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார்.

திட்டுகிறவர்கள், அழுகிறவர்கள், சாபம் விடுகிறவர்கள் எல்லாரும் பேசினார்கள். 'இது நிஜந்தானா?' என்று ஒரு ஆள் கேட்கவில்லை. போனை வைத்ததும் அந்த வலைத்தளத்தைத் திறந்தேன். கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. "வணக்கம். நீங்கள் எழுதியிருப்பது உண்மையா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இதை இவ்வளவு நாள் ஏன் செய்யவில்லை? நான்தான் பாடம் நடத்துகிறவள்.

மே 20. ஞாயிறு

சர்ச்சில் விருந்துக் கமிட்டி கூடியது. ஜூன் கடைசியில் நடக்கிற மீன் விருந்துக்கு, எனக்கு விவரம் தெரிந்த நாளாக, லாஹ்டி வீட்டு மீன்தான். முன்பு அப்பா, இப்போது மகன்.

லவோன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி, "இந்த வருஷம் ஒரு மாறுதலுக்குப் பன்றித் தொடை வெச்சுக்கலாம்னு ஒரு யோசனை" என்றாள்.

"மீன் விருந்துல பன்றியா?" என்றேன்.

"பேரை மாத்த வேணாம். பழகின பேரு."

"ஏன் மாறுதல்?"

எல்லாரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். "சும்மாதான்" என்றார் ட்வேன். "காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா ஆர்டிஸ்?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஊற்றச் சொல்லிக் குடித்தேன்.

மே 26. சனி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது, சாலையெல்லாம் படகு கட்டிய வண்டிகள். எய்னோ கடை வாசலில் ஒரு வண்டியும் இல்லை. ஏரிக்கரை விடுதிக்காரரும் வாங்குவதை நிறுத்திவிட்டாராம். காரணம் சொல்லவில்லை, "இப்போதைக்கு வேணாம், ரொம்ப நன்றி" என்றாராம். எய்னோ காலையில் புகைபோட்ட மீனைச் சாயங்காலம் கடற்புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சாலையில் காரை நிறுத்தி, உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் கோடை முடிவதற்குள் கடையை மூடிவிடுவார். மூடுகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் மூடுவார்.

ஜூன் 1. வெள்ளி

வனவிலங்கு அதிகாரி வந்தார். ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சு இல்லாத பேச்சு.

ட்வேன் தற்செயலாக அந்தப் பக்கம் போய், தற்செயலாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அதிகாரி கையில் படத்தோடு புகைக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். "இதுல ஜன்னலே இல்லையே. படத்துல ஜன்னல் இருக்கே. அந்தக் கட்டடம் எங்கே?"

"அது வேற" என்றாராம் எய்னோ.

"வேறன்னா? காட்டுங்க."

"அது என் வீட்டு விஷயம்."

அவ்வளவுதான். பின்னால் இன்னொரு ரகசியக் கொட்டகை இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. அதிகாரி திங்கட்கிழமை நீதிமன்ற உத்தரவோடு வருகிறாராம். மாநிலப் பறவையைக் கொன்றதாக வழக்கு வந்தால், இல்லை என்று பின்னால் தீர்ப்பே வந்தாலும், அவர் கையால் ஒரு மீனை இனி யார் வாங்குவார்கள்?

ஜூன் 2. சனி

காரைப் பின்னால் நிறுத்தி, சமையலறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"பைத்தியமா உங்களுக்கு? கதவைத் திறந்து காட்டறதுக்கு என்ன?"

"ஜன்னல் ஒத்துப்போகும். கொக்கி ஒத்துப்போகும்."

"போகட்டுமே!"

"துண்டு மட்டும் இருக்காது. எங்கேன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது ஆர்டிஸ்." காப்பியை இறக்கி வைத்துவிட்டு, "நீங்க காரை மரத்துக்குப் பின்னாடி நிறுத்தறீங்க. அப்ப அது வெளிய தெரியக்கூடாதுன்னுதானே. நான் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

மூணு வருஷத்துல இந்த மனுஷன் ஒரே மூச்சுல பேசினதுலயே அதிகம் இதுதான். நான் என்ன செஞ்சுட்டு இருக்கேன்? ஒரு நல்ல மனுஷன் தன் பொழைப்பை விட்டுட்டு என் துண்டைக் காப்பாத்திட்டு நிக்கறாரு — நான் போர்வைக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டுக் காப்பி குடிக்கறேன். தப்பா ஒண்ணும் செய்யலையே நாங்க. செய்யலைன்னா எதுக்குப் பயம்? எனக்கு அவரைப் பிடிக்கும். எழுதிட்டேன். பிடிக்கும்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து துண்டை எடுத்து, இஸ்திரி போட்டு, கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 3. ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச் கீழறையில் காப்பிக்குக் கூடினார்கள். எலுமிச்சைக் கேக்கில் கடைசித் துண்டம் எடுப்பாரில்லாமல் தட்டில் கிடந்தது. யாராவது பாதியாக வெட்டுவார்கள், அடுத்தவர் அதில் பாதி. கடைசியைத் தான் எடுத்துவிட்டதாகப் பெயர் வந்துவிடக் கூடாது. இந்த ஊரைத் திருத்தவே முடியாது என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். துண்டை எடுத்து உதறி விரித்து, லவோன் முன்னால், கேக்கின் மேல் படாமல், மேசையில் போட்டேன்.

"ரத்தம் இல்லை லவோன். ஸ்ட்ராபெரி. சிக்ரிட் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. படத்துல இருக்கறது புகைக் கொட்டகை இல்லை, எய்னோவோட சவுனா. அங்கதான் நான் சனிக்கிழமை சனிக்கிழமை குளிக்கப் போறேன். மூணு வருஷமா."

ஒரு கரண்டி கீழே விழுந்தது. பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது யாராவது காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டால் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன்.

லவோன் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு ஸ்ட்ராபெரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"துண்டு உன்னோடதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுடி. நீ குளிக்கப் போறது தெரியும்."

"என்னது?"

"சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடைக்கு வர்றே. ஜனவரி மாசம், வெளியில எச்சில் துப்பினா உறையற குளிரு. உனக்கு முகம் தக்காளி மாதிரி, தலையெல்லாம் ஈரம். எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"பைன் மரம் இலை கொட்டாதுதான்" என்றார் ட்வேன், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "ஆனா உங்க கார் நீலம் ஆர்டிஸ்."

"அப்ப ஏன் யாரும் கேக்கல?"

"கேக்கறதா!" லவோனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது உன் சொந்த விஷயம். மூணு வருஷமாக் கேக்காம இருக்கோம்டி. எவ்ளோ கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்? எனக்கு நெஞ்சு வலியே வந்துடும் போல இருந்துது."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. லூன் மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"சரி, எய்னோவைப் பத்தித் தப்பா நினைச்சீங்களே, அதை அவர்கிட்டக் கேக்கறதுக்கு என்ன?" என்றேன். பாஸ்டர் நோர்டீன் எழுந்து, கேக்கின் கடைசித் துண்டத்தை முழுசாக எடுத்து என் தட்டில் வைத்தார். இந்த ஊரில் ஒருவர் மன்னிப்பு என்று இதற்கு மேல் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 4. திங்கள்

வனவிலங்கு அதிகாரியிடம் நானே பேசினேன். அவர் வந்து சவுனாவைப் பார்த்தார், துண்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், வழக்கு இல்லை என்று எழுதிக்கொண்டார். போகும்போது, தோள் வலிக்கு இந்த பர்ச் இலை நிஜமாகவே கேட்குமா என்று விசாரித்தார்.

ஜூன் 7. வியாழன்

எய்னோ வீட்டு வாசலில் ஹாட்டிஷ் குவிகிறது, இங்கே சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற, உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட பதார்த்தம். பாத்திரத்தின் மேல் பேர் ஒட்டி வைத்துவிட்டு, மணியடிக்காமல் ஓடிவிடுகிறார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. "யாராவது செத்துட்டாங்களா?" என்று எய்னோ போன் செய்து கேட்டார். "இல்லை, நீங்க பிழைச்சுட்டீங்க" என்றேன். லவோனுடையதில் காளான் சூப் ஊற்றியிருக்கிறதாம். நன்றாக வெந்தும் இருக்கிறதாம்.

ஜூன் 9. சனி

சிக்ரிட் போன் செய்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே, "அம்மா, அந்தப் படத்துல இருந்த துண்டு நான் வாங்கினதுதானே?" என்றாள்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"அனுப்பறதுக்கு முன்னாடியே."

"ஏன்டி கேக்கல?"

"உங்க பொண்ணும்மா நான்" என்றாள்.

ஜூன் 23. சனி

மீன் விருந்து. எய்னோவின் மீனும் இருந்தது, பன்றித் தொடையும் இருந்தது. கறிக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மீன் முதலில் தீர்ந்தது. கடைசி மீன் மட்டும் வெட்டி வெட்டி, நகத்தளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. எய்னோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் எங்களிடம் வந்து, மழை வருமா என்று கேட்டார்கள்.

ஜூன் 27. புதன்

அந்த வலைத்தளத்திலிருந்து பதில் வந்துவிட்டது! கல்லூரிப் பையன்கள் போலிருக்கிறது. "இல்லை அம்மா, உண்மை இல்லை. சும்மா சிரிப்புக்கு எழுதினோம். ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. உண்மையா என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். அந்தப் படத்தால் யாருக்காவது தொந்தரவு வந்ததா?"

அதுவும் ஒரு கேள்விதான். உட்கார்ந்து, ஒன்று விடாமல், முழுப் பதில் எழுதினேன். ஹாட்டிஷ் வரை எழுதினேன். நாளைக்கே படத்தை எடுத்துவிடுகிறோம் என்று உடனே பதில் எழுதியிருக்கிறார்கள். இனிமேல் தங்கள் வீட்டுக் காரெஜ் படம்தானாம்.

ஜூலை 7. சனி

சிக்ரிட் பார்சல் அனுப்பியிருக்கிறாள். உள்ளே இன்னொரு துண்டு, அதே கடையில் வாங்கியது. இதில் நீல மீன்கள். சீட்டு எதுவும் வைக்கவில்லை.

எய்னோ வீட்டு வாசலில், சாலையிலிருந்து தெரிகிற இடத்தில் காரை நிறுத்தினேன். ட்வேனுடைய வண்டி மெதுவாகப் போனது, அவர் நேரே பார்த்துக்கொண்டே போனார். பாவம், கழுத்து வலித்திருக்கும்.

குளித்துவிட்டு இருவரும் சவுனாப் படியில், ஈரத் தலையோடு, காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கொக்கியில் இரண்டு துண்டும் காய்ந்தன. நாணலை விலக்கிக்கொண்டு ஒரு துடுப்புப் படகு உள்ளே வந்தது. வழி தவறிய இரண்டு மினியாபொலிஸ்காரர்கள். ஒருவன் எங்களைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினான், அப்புறம் தயங்கினான்.

"எடுத்துக்கலாமா?" என்று கூப்பிட்டுக் கேட்டான்.

எய்னோ என்னைப் பார்த்தார். எடுத்துக்கோ என்று கையை ஆட்டினேன். துண்டு சரியாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.